தூய ஆங்கிலம் எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு மாணவர் இணைப்பில் வந்த ‘தூய ஆங்கிலம் பேசுவோம்’ கட்டுரை பற்றி எழுதுகிறேன். லண்டனில் பேசுவதுதான் அசல் ஆங்கிலம், அமெரிக்கர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள், ஸ்காட்லாந்துக்காரர்களும் கரீபியத் தீவுக்காரர்களும் பேசுவது கொச்சை, ஆகவே வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் லண்டன் உச்சரிப்பைப் பழக வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். கூடவே ‘இவை தவறான ஆங்கிலம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி. இலையுதிர் காலத்தை ‘ஃபால்’ என்பது, ‘கெட்’ என்ற வினையின் முடிந்த வடிவத்தைக் ‘காட்’ என்று நிறுத்தாமல் ‘காட்டன்’ என்று இழுப்பது, ‘கலர்’ என்று எழுதும்போது யு எழுத்தை விட்டுவிடுவது எல்லாம் அதில் குற்றப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

நான் மொழியியல் படித்தவனில்லை. தூத்துக்குடிக்காரன். 1970-களின் கடைசியில் பம்பாயில் ராஜேந்திரா பயிற்சிக் கப்பலில் கேடட்டாகச் சேர்ந்து, சரக்குக் கப்பல்களில் ஓடி, சீஃப் ஆபீசராக ஓய்வு பெற்றவன். துறைமுக வாயிலில் பைலட், அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் அதிகாரி, கயிற்றேணியில் ஏறி, கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜுக்கு வருவார். அவர் பேசுவது எந்த ஊர் ஆங்கிலமாக இருந்தாலும் அந்த நொடியே புரிந்தாக வேண்டும். இருபது, முப்பதாயிரம் டன் எடையுள்ள கப்பல், சொன்னது விளங்கவில்லை என்பதற்காக நின்று காத்திருக்காது. இப்படிப் பல ஊர் ஆங்கிலம் காதில் விழுந்து விழுந்துதான், ஒரே மொழி எப்படி இத்தனை விதமாயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பெருங்கடலைக் கடக்கும் நாட்களில் வாட்ச் என்கிற பணிமுறை முடிந்தால் படிக்க நேரம் நிறைய உண்டு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் லண்டன் பேச்சை ஆதியிலிருந்து வந்த அசலாகவும், மற்றதெல்லாம் பிறகு வந்த திரிபாகவும் வைத்துப் பேசுகிறார். ஆனால், ஆங்கிலத்தில் முதன்முதலில் புத்தகம் அச்சிட்ட வில்லியம் காக்ஸ்டனுக்கே எது அசல் என்று தெரியவில்லை. 1490-ல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிற ஒரு கதை இருக்கிறது. கப்பல்காரன் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். லண்டன் வணிகர்கள் சிலர் தேம்ஸ் நதியிலிருந்து ஹாலந்துப் பக்கம் ஸீலாந்துக்குக் கப்பலேறுகிறார்கள். காற்று விழுந்துவிடுகிறது. கெண்ட் கரையோரம் நங்கூரம் போட்டுவிட்டுச் சாப்பாடு தேடி இறங்குகிறார்கள். அவர்களில் ஷெஃபீல்டு என்ற துணி வியாபாரி ஒரு வீட்டில் போய் முட்டை கேட்கிறார். அவர் சொன்னது ‘எக்ஸ்’. அந்த வீட்டு அம்மா, “எனக்கு பிரெஞ்சு தெரியாது” என்கிறார். வியாபாரிக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் வந்து ‘ஐரன்’ வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு விளங்குகிறது. இந்தக் காலத்தில் ஒருவர் எதை எழுதுவது, எக்ஸ் என்றா ஐரன் என்றா என்று காக்ஸ்டன் கேட்கிறார்.

இந்தக் கதையில் யார் பேசியது அசல்? கெண்ட் அம்மா பேசியதுதான். ஐந்தாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கரையிலிருந்து வந்த ஆங்கிள், சாக்ஸன், ஜூட் கூட்டத்தாரின் பழைய சொல் ஐரன். வியாபாரி சொன்ன எக் என்பது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளோடு வந்த வரத்துச் சொல். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்துக் கணக்கைத் தொடங்கியவர்கள், அப்புறம் வந்து வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி என்று ‘பி’யில் முடிகிற ஊர்ப் பெயர்களெல்லாம் அவர்கள் வைத்தவை. ஸ்கை, நைஃப், விண்டோ, லெக், ஸ்கின் ஆகிய சொற்கள் அவர்களுடையவை. இவ்வளவு ஏன், ‘அவர்கள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘தே’, ‘தெம்’ கூட வைக்கிங் சரக்குதான். அந்நியச் சரக்கை இறக்கிவிட்டுத்தான் தூய ஆங்கிலம் என்றால், லண்டன்காரர் தன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசக்கூட முடியாது.

அதே முன்னுரையில் இன்னொரு வேடிக்கை. வியாபாரி முட்டை ‘கேட்டார்’ என்பதற்குக் காக்ஸ்டன் எழுதியிருப்பது ‘ஆஸ்க்டு’ இல்லை, ‘ஆக்ஸ்டு’. இன்றைக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையிலும் ‘ஆக்ஸ்’ என்று சொல்லக் கேட்கலாம். கட்டுரையாளர் அதைத்தான் கொச்சை என்கிறார். 1535-ல் வந்த முதல் முழு அச்சு ஆங்கில பைபிளில், ‘கேளுங்கள், கொடுக்கப்படும்’ என்ற வசனத்திலும் இருப்பது ஆக்ஸ்தான்.

சரி, லண்டன் எப்படி முதலிடத்துக்கு வந்தது? அரசவை அங்கே, நீதிமன்றம் அங்கே, பணம் அங்கே. 1066-ல் நார்மன்கள் வந்த பிறகு மூன்று நூற்றாண்டுகள் மேல்தட்டின் மொழி பிரெஞ்சு. நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362-ல்தான் சட்டம் வந்தது. பிறகு 1476-ல் காக்ஸ்டன் அச்சுக்கூடம் வைத்ததும் வெஸ்ட்மின்ஸ்டரில். யார்க்கில் வைத்திருந்தால், தூய ஆங்கிலம் என்று நாம் இன்று பழகிக்கொண்டிருப்பது வேறொன்றாக இருந்திருக்கும்.

அச்சு வந்த நேரமும் சரியில்லை. எழுத்துகள் ஈயத்தில் உறையத் தொடங்கிய அதே காலத்தில் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய 1400-லிருந்து 1700 வரை நடந்த இந்தப் பெயர்ச்சியை நம் எழுத்தில் எழுதிக் காட்டுவது, அவர்கள் எழுத்தில் எழுதிக் காட்டுவதைவிடச் சுலபம். இன்று ‘டைம்’ என்பது அன்று ‘டீம’. ‘நேம்’ என்பது ‘நாம’. ‘மூன்’ என்பது ‘மோன்’. ‘ஃபீட்’ என்பது ‘ஃபேட்’. ‘ஹவுஸ்’ என்பது ‘ஹூஸ்’. ஒலி நகர்ந்தது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங்கோடு மல்லுக்கட்டுவதற்குப் பாதிக் காரணம் இது. ‘நைட்’ என்ற போர்வீரனுக்கு முன்னால் நிற்கிற கே எழுத்து ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. மீதிக் காரணம் படித்தவர்களின் மேதாவித்தனம். ‘ஐலண்ட்’ நடுவில் இருக்கும் எஸ் எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை. அது பழைய ஜெர்மானியச் சொல். லத்தீன் இன்சுலாவிலிருந்து வந்ததாக நினைத்து யாரோ ஒரு எஸ்ஸைச் செருகினார்கள். கடல் வரைபடத்தில் தீவுப் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

இந்த ஒலிப்பெயர்ச்சி நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கவில்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘ஊ’ அசையவே இல்லை. கிளைடு நதியில் ஏறுகிற பைலட் ‘டவுன்’ என்பதை ‘டூன்’ என்பார், ‘அவுட்’ என்பதை ‘ஊட்’ என்பார். நியூகாசிலில் ‘டவுன்’ இன்னும் ‘டூன்’தான், அந்த ஊர்க் கால்பந்து அணிக்குச் செல்லப் பெயரே அது. ஆக, கட்டுரையாளர் கொச்சை என்கிற அந்த உச்சரிப்பு ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பொது ஆங்கிலம். லண்டன்தான் அதை விட்டு நகர்ந்து போனது.

நியூகாசிலில் குழந்தையை ‘பேர்ன்’ என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த நார்வேக்காரரின் மொழியில் அது ‘பார்ன்’. வட கடலின் இரு கரையிலும் அது ஏறத்தாழ ஒரே சொல். இன்னும் வடக்கே அபர்தீன் போனால் நலம் விசாரிப்பதே ‘ஃபிட் லைக்?’ என்றுதான். ‘வாட்’ என்பதில் வருகிற முதல் ஒலி அங்கே ‘ஃப’ ஆகிவிடுகிறது. முதல் தடவை கேட்டபோது உடல்நிலை சரியா என்று கேட்கிறார் போல என்று நினைத்தேன். ஒருவகையில் கேள்வி அதுதானே. ஸ்காட்லாந்துக்காரர்கள் அலுவலகக் கடிதத்திலேயே ‘அவுட்வித்’ என்று எழுதுவார்கள். ‘எல்லைக்கு வெளியே’ என்று பொருள். லண்டனில் அந்தச் சொல் கிடையாது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

லிவர்பூல் பேச்சுக்கு ‘ஸ்கௌஸ்’ என்று பெயர். அது எங்கள் கப்பல் சமையலறையிலிருந்து போனது! உப்புக்கண்டம், உருளைக்கிழங்கு, கப்பல் பிஸ்கட் எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவைக்கும் மாலுமிச் சாப்பாடு லாப்ஸ்கௌஸ். ஹம்பர்க்கில் இன்றும் லாப்ஸ்கௌஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும். லிவர்பூல் ஏழைகள் அதைச் சாப்பிட்டதால் மக்களுக்கும், அப்புறம் அவர்கள் பேச்சுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவர்களின் ராகம் அந்தப் பேச்சில் கலந்திருக்கிறது. லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். பேச்சு வேறு.

அமெரிக்காவுக்கு வருகிறேன். ‘ஃபால்’ அமெரிக்கக் கண்டுபிடிப்பு இல்லை. இலை விழும் காலத்தை அப்படிச் சொல்லும் வழக்கம் இங்கிலாந்திலேயே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் இருந்தவர்கள் பிரெஞ்சு வழியாக வந்த ‘ஆட்டம்’ போதும் என்று அதைக் கைவிட்டார்கள். ‘காட்டன்’ கதையும் அதே. ‘ஃபர்காட்டன்’ என்று மட்டும் லண்டன்காரர் இன்றும் கூசாமல் சொல்கிறார்; அதில் தவறில்லையாம். யு இல்லாத ‘கலர்’ நோவா வெப்ஸ்டரால் நிலைத்தது. அவரும் அதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை, இங்கிலாந்தில் முன்பு இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டது, வெப்ஸ்டரின் 1806, 1828 அகராதிகள் மற்றொன்றை எடுத்துக்கொண்டன. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘ர’ ஒலியின் கதைதான் எனக்கு இவை எல்லாவற்றிலும் சுவையானது, ஏனென்றால் அது துறைமுகங்களின் கதை. ‘கார்’, ‘ஹார்பர்’ என்பவற்றின் கடைசி ‘ர்’ஐ இங்கிலாந்தில் எல்லாரும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் லண்டன் பக்கம் அதை விழுங்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்கள் விழுங்கவில்லை. அமெரிக்காவின் உட்பகுதியும் விழுங்கவில்லை. ஆனால் லண்டனோடு வியாபாரமும் போக்குவரத்தும் இருந்த பாஸ்டன், நியூயார்க், தெற்கத்தித் துறைமுகங்கள் எல்லாம் லண்டன் மோஸ்தரைப் பார்த்து ‘ர்’ஐ விட்டன. பாஸ்டன் பைலட்டின் வாயில் ‘ஹார்பர்’ என்பது ‘ஹாபா’ மாதிரி இருக்கும். ஹூஸ்டன் கால்வாய்க்கு வந்தால் ‘ர்’ கல்லில் கொத்தியது போலக் கேட்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று மாறியது. நியூயார்க்கில் ‘ர்’ஐ ஒலிப்பது கௌரவம், விடுவது கௌரவக் குறைவு என்றாகிவிட்டது. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1962-ல் அதை அழகாகச் சோதித்தார். உயர்தட்டுக் கடை ஒன்று, நடுத்தரம் ஒன்று, மலிவுக் கடை ஒன்று என மூன்று பல்பொருள் கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் உள்ள பொருள் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலில் ‘ர்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டார். காது கேட்காதவர் போல இன்னொரு தரமும் சொல்லவைத்தார். உயர்தட்டுக் கடையில் ‘ர்’ அதிகம், மலிவுக் கடையில் குறைவு. இதே சோதனையை அந்தக் காலத்து லண்டனில் செய்திருந்தால் விடை தலைகீழாக வந்திருக்கும். ‘ர்’ என்கிற ஒலியில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து ஊர் மதிப்புப் போடுகிறது.

லண்டன் உச்சரிப்பு என்று கட்டுரையாளர் சொல்வது லண்டன் மக்கள் எல்லாரும் பேசுவதும் இல்லை. கிழக்கு லண்டன் கப்பல்துறைத் தொழிலாளி பேசிய காக்னியைக் கேட்டால் அவர் அதிர்ச்சியடைவார். அவர் மனத்தில் இருப்பது பணக்கார விடுதிப் பள்ளிகளில் வளர்ந்து, 1922-ல் தொடங்கிய பிபிசி வழியாகப் பரவிய உச்சரிப்பு. எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய 1926-ல் பிபிசி ஒரு குழுவே போட்டது. தலைவர், அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ். போர்க்காலத்தில் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்காரரைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். வடக்கத்தி நேயர்களுக்கு அவர் ‘குட் நைட்’ சொல்லாமல், பழைய ‘ஈ’ மாறாமல் ‘குட் நீட்’ என்றார். பலருக்கு அது பொறுக்கவில்லை. செய்தி சொல்லும் குரல் அப்படி இருக்கக் கூடாதாம்.

வெளியே போன ஆங்கிலங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும். இரண்டு மூன்று மட்டும். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் பேசும் பிட்ஜின் என்கிற கலப்புப் பேச்சில் ‘தெரியும்’ என்பதற்கு ‘சபி’, ‘குழந்தை’க்கு ‘பிக்கின்’. இரண்டும் ஆங்கிலேயருக்கு முன்பே அங்கே வந்த போர்த்துகீசிய மாலுமிகள் விட்டுப்போனவை. முட்டாளைச் சிங்கப்பூரில் ‘கூண்டு’ என்பார்கள். அது நம்ம ‘குண்டு’. அங்கே அரசாங்கம் 2000-ல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது, இருந்தும் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’ போகவில்லை. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகராதியில் ஏறிய பெருமைக்குள் நான் போகவில்லை, அதை வருஷத்துக்கு ஒருமுறை யாராவது எழுதிவிடுகிறார்கள்.

பனாமாவிலிருந்து நியூசிலாந்து போகும் வழியில் பிட்கெய்ர்ன் என்ற சின்னத் தீவு இருக்கிறது. 1789-ல் பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்களில் 9 பேர், தஹிதித் தீவுப் பெண்களோடும் ஆண்களோடும் 1790-ல் அங்கே போய் ஒளிந்துகொண்டார்கள். அவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் உண்டு, கரீபியன் செயின்ட் கிட்ஸ் தீவுக்காரர் உண்டு, மற்றவர்கள் வேறு வேறு ஊர். அவர்கள் பேசிய பல ஊர் ஆங்கிலமும் தஹிதி மொழியும் சேர்ந்து, அவர்களுடைய பிள்ளைகள் காலத்திலேயே ஒரு புதுப் பேச்சு பிறந்துவிட்டது. 1856-ல் அவர்களை நார்ஃபோக் தீவுக்குக் கொண்டுபோனபோது பேச்சும் கூடவே போனது. இரண்டு தீவிலும் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ஒரு மொழிவகை உருவாக ஒரு கப்பல் ஆட்கள் போதும்.

இனி, வெளிநாட்டு வேலைக்கு லண்டன் உச்சரிப்பு வேண்டும் என்ற அறிவுரை. கடலில் உலகம் முழுக்கப் பொது மொழி ஆங்கிலம்தான், ஆனால் அது லண்டன் ஆங்கிலம் இல்லை. 1977-லேயே கப்பல்களுக்கென்று தனிச் சொற்கோவை வந்தது. 1980-களில் பிளிமத் மாலுமிப் பயிற்சியாளர்களும் மொழி அறிஞர்களும் சேர்ந்து ‘சீஸ்பீக்’ என்று ஒன்றை அமைத்தார்கள். 1990-ல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் பயணிக் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பணியாளர்களில் பலருக்குப் பயணிகளின் மொழி தெரியாதது அந்த விபத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் நிலையான தொடர்களின் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ போன்ற குழப்பும் வினைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வாய்க்காலுக்குள் ‘மே ஐ’ என்று கேட்டால், வரலாமா என்று கேட்கிறானா, வந்தாலும் வருவேன் என்கிறானா என்று ரேடியோ இரைச்சலில் தெரியாது. ஆகவே முதலில் ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டு, எனக்கு அனுமதி இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பம் வராது. சுக்கான் கோணத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

இந்த ஆங்கிலத்தில் ரொம்பத் தடுமாறுகிறவர்கள் யார் தெரியுமா? தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள். பிலிப்பைன்ஸ் செகண்ட் மேட்டும் போலந்து கேப்டனும் விஹெச்எஃப் ரேடியோவில் நாலே சொல்லில் வேலையை முடித்துவிடுவார்கள். நடுவில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்து, வழக்கமான மரியாதைச் சுற்றலோடு, ‘அப்படிச் செய்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன்’ என்ற மாதிரி ஒன்றைச் சொல்வார். அது உத்தரவா, யோசனையா என்று எதிர்க் கப்பலில் கேட்கிற கொரியாக்காரருக்கு விளங்காது. மறுபடி சொல்லச் சொல்வார். இங்கிலாந்துக்காரர் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்.

அதனால் தங்கள் இணைப்புக்கு என் வேண்டுகோள். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகின்றன; பிள்ளைகள் தேர்வில் அதையே எழுதட்டும், ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நியாயம். மற்றது தவறு என்று சொல்லாதீர்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். உச்சரிப்புக்கு இடம் ஒதுக்குவதானால் நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இடறும் இடங்களைச் சொல்லிக்கொடுங்கள்: ‘பே’ என்று நாம் ஒரே எழுத்தில் எழுதும் சம்பளமும் விரிகுடாவும் ஆங்கிலத்தில் இரண்டு ஒலி, ‘வி’யும் ‘டபிள்யூ’வும் இரண்டு ஒலி, ஒரு சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பவை. 1956 முதல் விமானங்களில் புழங்கிவரும், கப்பல்களிலும் பயன்படுகிற ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ அகரவரிசையையும் கற்றுக்கொடுங்கள், வங்கிக்கு போன் செய்து பெயர் சொல்லக்கூட உதவும். கிளாஸ்கோ, லாகோஸ், கிங்ஸ்டன், சிங்கப்பூர், ஹூஸ்டன் ஊர்களில் பேசும் ஆங்கிலத்தை வாரம் ஒன்றாகத் தங்கள் இணையதளத்தில் ஒலிப்பதிவாகப் போட்டால், வேலைக்குப் போகும் இடத்தில் மேலதிகாரி பேசுவது முதல் நாளே பிள்ளைகளுக்கு விளங்கும். கப்பலில் இருந்தவர்கள், வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறோம். கேட்டால் உதவுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி.